விதி தெரியும், வாய் வராது

ஆங்கில இலக்கணத்திலேயே சுலபமான விதி எது என்று கேட்டால், பலர் இந்த ஒன்றைத்தான் சொல்வார்கள்: நிகழ்காலத்தில் எழுவாய் 'ஹி', 'ஷி', 'இட்' என்று படர்க்கை ஒருமையாக இருந்தால், வினைச்சொல்லின் கடைசியில் ஓர் 'எஸ்' சேர்க்க வேண்டும். 'ஐ ஈட்', ஆனால் 'ஷி ஈட்ஸ்'. ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். விதிவிலக்கும் அதிகம் கிடையாது. தொடக்கப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் ஏதாவதொரு பயிற்சியில் அது திரும்ப வருகிறது. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பத்தாம் வகுப்பு மாணவி பிழையில்லாமல் எழுதிவிடுவாள். அதே மாணவியிடம், 'உன் அம்மா காலையில் என்னென்ன செய்வார்?' என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். 'மை மதர் கெட் அப் அட் ஃபைவ், ஷி மேக் காபி' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். விதி அவளுக்கு மறந்துபோகவில்லை. நிறுத்தி, 'ஷி மேக்கா?' என்று கேட்டால் உடனே திருத்திக்கொள்வாள். நன்றாகத் தெரிந்த ஒன்று தேவைப்படும் நேரத்தில் ஏன் கைகொடுப்பதில்லை? சின்னக் கேள்விதான். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் நான்கு வாக்கியம் பேசத் தயங்குகிற லட்சக்கணக்கானவர்களின் சிக்கல் மொத்தமும் இதற்குள் இருக்கிறது.

இதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் காரணம், தாய்மொழிப் பழக்கம் குறுக்கே வருகிறது என்பது. 1957-இல் அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் லேடோ இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்: தாய்மொழியும் புதுமொழியும் ஒத்துப்போகும் இடங்கள் எளிதாக வரும், வேறுபடும் இடங்களில் பிழை வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த 'எஸ்' விஷயத்தில் தமிழர்களைக் கொண்டே அதைச் சோதித்துப் பார்க்கலாம். எழுவாய்க்கு ஏற்ப வினையை மாற்றுவதில் தமிழுக்கு முன்னால் ஆங்கிலம் ஒன்றுமேயில்லை. வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறார்கள் என்று இடமும் பாலும் எண்ணும் வினையின் விகுதியிலேயே ஏறிவிடுகின்றன. மூன்று வயதுத் தமிழ்க் குழந்தை இதை அநாயாசமாகச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரேயொரு 'எஸ்' நமக்குத் தூசு மாதிரி இருக்க வேண்டும். இருப்பதில்லை. நமக்கு மட்டுமல்ல, ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கும், எழுவாய்க்கு ஏற்ப வினையை மாற்றவே செய்யாத சீன மொழி பேசுகிறவர்களுக்கும் அதே 'எஸ்'தான் கடைசிவரை நழுவுகிறது.

விடை, அந்த 'எஸ்' என்ன வேலை பார்க்கிறது என்பதில் இருக்கிறது. தமிழில் 'வந்தாள்' என்று மட்டும் சொன்னால் போதும், வந்தவர் ஒரு பெண் என்பது புரிந்துவிடும். அந்த 'ஆள்' விகுதியைக் காதில் வாங்காமல் விட்டால் பொருளே போய்விடும். ஆங்கிலத்தில் 'ஷி' என்று முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. பின்னால் வரும் 'எஸ்' புதிதாக எதையும் சொல்வதில்லை. அதை நீக்கிவிட்டாலும் கேட்பவருக்கு ஒரு குழப்பமும் வராது. போதாக்குறைக்கு அது அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு மறையும் மெல்லிய ஒலி. பேச்சைக் கேட்கும் மனம் பொருளைத் தேடித்தான் ஓடுகிறது. பொருள் தராத ஒலிக்காக அது நிற்பதில்லை.

இது வெறும் ஊகமில்லை என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரோஜர் பிரவுன், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேச வளர்ந்த மூன்று குழந்தைகளின் பேச்சைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து, 1973-இல் நூலாக வெளியிட்டார். ஆய்வில் அந்தக் குழந்தைகளுக்கு இட்ட பெயர்கள் ஆடம், ஈவ், சாரா. பதினான்கு இலக்கணக் கூறுகள் எந்த வரிசையில் அவர்கள் வாயில் நிலைபெறுகின்றன என்று பார்த்தபோது, மூன்று குழந்தைகளிடமும் வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 'ஈட்டிங்', 'கோயிங்' என்று வரும் 'இங்' முதலில் வந்தது. பன்மை குறிக்கும் 'எஸ்' சீக்கிரம் வந்தது. உடைமை குறிக்கும் 'எஸ்' அதற்கடுத்து. வினையோடு சேரும் 'எஸ்' வெகுநாள் கழித்து. மூன்றுக்கும் ஒலி ஒன்றுதான். 'கேட்', 'கேட்ஸ்' என்பதில் ஒரு பூனையா பல பூனைகளா என்ற செய்தி இருப்பதால் அது முந்திக்கொண்டது என்று நினைக்க எல்லா நியாயமும் இருக்கிறது. மறுவருடமே ஹைடி டூலேவும் மரினா பர்ட்டும், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் சீனக் குழந்தைகளிடமும் ஸ்பானிஷ் குழந்தைகளிடமும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய வரிசையைக் கண்டார்கள். அதே ஆண்டில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வும் அதையொட்டியே முடிவு சொன்னது. தாய்மொழிக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளாகாது. 'ஏ', 'தி' போன்றவை தமிழிலோ ஜப்பானிய மொழியிலோ இல்லாததால், அவை நமக்கும் ஜப்பானியர்களுக்கும் மற்றவர்களைவிட அதிகத் தொல்லை கொடுக்கின்றன. ஆனாலும் முக்கியமான உண்மை மாறவில்லை: பாடத்திட்டம் எந்த வரிசையில் கற்பிக்கிறதோ, அந்த வரிசையில் மனம் கற்பதில்லை. அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது, அதைப் பெரிதும் தீர்மானிப்பது பொருள்.

விதியை அறிவது வேறு, அதைச் செய்ய வருவது வேறு. மூளை இந்த இரண்டையும் வேறு வேறு வழிகளில் வைத்துக்கொள்கிறது என்பதை உலகுக்குக் காட்டிய நோயாளி ஒருவர் உண்டு. ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்த 1953-இல் மூளையில் அறுவை நடந்தது. அதன் பிறகு புதிதாக எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரை, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்தபடி ஒரு நட்சத்திர வடிவத்தின் இரு கோடுகளுக்கிடையே பென்சிலால் வரையச் சொன்னார். மூன்று நாள்களில் அவர் கை தேறிக்கொண்டே போனது. அந்த வேலையை அதற்குமுன் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. தெரியாமலேயே செய்யக் கற்றுக்கொள்ள முடியும் என்றால், செய்ய வராமலேயே தெரிந்துவைத்திருக்கவும் முடியும். நமது ஆங்கில வகுப்புகளில் நடப்பது இந்த இரண்டாவது வகை.

உரையாடலின் வேகத்தை அளந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2009-இல் தான்யா ஸ்டிவர்ஸும் அவருடைய குழுவினரும் உலகின் வெவ்வேறு மூலைகளில் பேசப்படும் பத்து மொழிகளை ஆராய்ந்தார்கள். ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையிலான சராசரி இடைவெளி சுமார் 200 மில்லிசெகண்ட், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி சற்று முன்பின் இருந்தாலும் எல்லோரும் இந்த எல்லையைச் சுற்றியேதான் இருந்தார்கள். இன்னொரு அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், தாய்மொழியில்கூட வாய் திறக்கச் சுமார் 600 மில்லிசெகண்ட் ஆகிறது. ஆகவே எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதில் உள்ளுக்குள் தயாராகத் தொடங்கிவிட வேண்டும். இந்த நெருக்கடியில் 'எழுவாய் படர்க்கையா, ஒருமையா, காலம் எது' என்று மனத்துக்குள் அட்டவணையைப் புரட்ட நேரமேது? எழுதும்போது நேரம் இருக்கிறது, விதி உதவுகிறது. பேசும்போது நேரம் இல்லை, விதி காலை வாருகிறது. பேச வராதவர்களை 'கூச்சம்', 'தன்னம்பிக்கை இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடுவது பெரிய அநியாயம். அவர்களிடம் இருப்பது வேறு வேலைக்கான அறிவு. இந்த வேலைக்கான அறிவை யாரும் அவர்களுக்கு வளர்த்துத் தரவில்லை.

அப்படியென்றால் அந்த விரைவான அறிவு எப்படி வளரும்? ஒரு காலத்தில் இதற்கு மிக உறுதியான பதில் ஒன்று இருந்தது: திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கு. மொழி என்பது பழக்கங்களின் தொகுப்பு. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கி, ஒவ்வொன்றையும் வகுப்பே சேர்ந்து உரக்கச் சொன்னால் அது ஊறிவிடும் என்று நம்பினார்கள். இந்த நம்பிக்கையின் மிகப் பெரிய சோதனைக் களங்களில் ஒன்று அன்றைய சென்னை மாநிலம். 1950-களின் இறுதியில் தொடங்கிய இயக்கம் அது. கொஞ்சம் பேருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மேலும் பலருக்குக் கொடுத்து, அப்படியே பெருகும் முறை என்பதால் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர் பெற்றது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் மறுபயிற்சி அளிப்பது இலக்கு. 'திஸ் இஸ் எ பென், தட் இஸ் எ புக்' என்று ஒட்டுமொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்வது நம் பள்ளிகளில் வேரூன்றியதில் இந்த அணுகுமுறைக்குப் பெரும் பங்குண்டு. உழைப்பும் நல்லெண்ணமும் குறைவில்லாத முயற்சி. ஆனால் அடிப்படையில் ஒரு பிழை இருந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அது பேனாதான் என்று சொல்பவர் யாருக்கும் எந்தச் செய்தியும் தருவதில்லை. சொல்கிற குழந்தைக்கும் கேட்கிற குழந்தைக்கும் அங்கே புரிந்துகொள்ள ஒன்றுமில்லை. வாய்க்கு வேலை இருந்தது, பொருளைத் தேடும் மனத்துக்கு வேலை இல்லை.

இந்தக் குறையை உள்ளிருந்தே பார்த்தவர் என்.எஸ். பிரபு. பிரிட்டிஷ் கவுன்சிலில் தென்னிந்திய ஆங்கிலக் கல்விக்காகப் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில சாதாரணப் பள்ளிகளில் வேறொரு வழியைச் சோதித்தார். பெங்களூர் திட்டம் என்று உலகெங்கும் அறியப்பட்ட அந்த முயற்சியில் இலக்கணப் பாடமே கிடையாது, வாக்கிய அமைப்புகளின் பட்டியலும் கிடையாது. மாணவர்கள் முன் ஒரு ரயில் கால அட்டவணை வைக்கப்படும். இத்தனை மணிக்குள் இந்த ஊர் போய்ச் சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும், அதைத் தவறவிட்டால் அடுத்து எது, இடையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஆங்கிலத்திலேயே ஒரு கணக்கைப் போட்டுக்காட்டுவார். பிறகு அதைப் போன்ற இன்னொன்றை ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டும். வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. குழந்தையின் கவனம் முழுவதும் விடை சரியா என்பதில் இருக்கும். ஆங்கிலம் அந்த விடைக்குப் போகும் பாதையாக மட்டும் அமையும். ஆலன் பெரட்டாவும் ஆலன் டேவிஸும் 1985-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் முடிவுகள் கலந்தே இருந்தன. வாக்கிய அமைப்புத் தேர்வில் பழைய முறை மாணவர்கள் முந்தினார்கள்; செயல்சார்ந்த தேர்வில் பிரபுவின் மாணவர்கள் முந்தினார்கள்; இரு தரப்புக்கும் பொதுவாக வைத்த தேர்வுகள் பெரும்பாலும் பிரபுவின் பக்கம் சாய்ந்தன. என் கணக்கில் இங்கே வியக்க வேண்டியது வேறொன்று. இலக்கணமே கற்பிக்கப்படாத பிள்ளைகள் இலக்கணத்தில் வெறுங்கையோடு நிற்கவில்லை. பொருளைப் பிடிக்கும் முயற்சியிலேயே அமைப்பும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

இதைவிடத் துலக்கமான சான்று பசிபிக் தீவு நாடான ஃபிஜியிலிருந்து வந்தது. அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஃபிஜிய மொழி அல்லது இந்தி. ஆங்கிலம் பள்ளிக்குள் மட்டும். கற்பித்த முறையும் சென்னையில் பரவியதற்கு நெருங்கிய உறவு: வாக்கிய அமைப்புகளை வரிசையாக ஒப்பிக்க வைப்பது. 1980-இல் வார்விக் எலியும் பிரான்சிஸ் மங்குபாயும் அந்தப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பள்ளிக்கு 250 கதைப் புத்தகங்கள் கொடுத்தார்கள். படங்களோடு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்படியான கதைகள். சில பள்ளிகளில் ஆசிரியர் பெரிய எழுத்துப் புத்தகத்தைக் காட்டிப் படித்து, அதைப் பற்றி வகுப்போடு பேசினார். சில பள்ளிகளில் தினமும் சிறிது நேரம் பிள்ளைகள் தாமாக மௌனமாகப் படித்தார்கள். ஒப்பீட்டுக்காகச் சில பள்ளிகள் பழைய முறையிலேயே தொடர்ந்தன. எட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது, புத்தகம் படித்த பிள்ளைகள் வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் மற்றவர்களைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். மறுவருடம் அந்த வேறுபாடு எழுத்துக்கும் இலக்கணத்துக்கும்கூடப் பரவியிருந்தது. இலக்கணத்தை நேரடியாகப் பயின்றவர்களைவிட, கதை படித்தவர்கள் இலக்கணத்தில் முன்னே போனார்கள். 'எங்கள் ஊரில் ஆங்கிலச் சூழலே இல்லை, வெளிநாட்டு ஆய்வெல்லாம் எங்களுக்குப் பொருந்தாது' என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். ஃபிஜி கிராமத்திலும் சூழல் இருக்கவில்லை. ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள்தான் சூழலாக இருந்தன.

அப்படியானால் இலக்கணத்தையே தூக்கிப் போட்டுவிடலாமா? அப்படிச் சொன்னவர்களும் உண்டு. 1980-களில் ஸ்டீபன் கிராஷன், புரியும்படியான மொழியை நிறையக் கேட்டாலும் படித்தாலும் போதும், மொழி தானே வரும் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைக் கனடா காட்டிக்கொடுத்தது. கியூபெக் மாகாணத்தில் 1965 முதல் ஆங்கிலக் குழந்தைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் பள்ளிகள் தொடங்கின. பல ஆண்டுகள் அப்படிப் படித்தவர்கள் பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் தாய்மொழியாளர்களுக்கு இணையாகவே நின்றார்கள். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. மெரில் ஸ்வெயின் 1985-இல் இதற்குச் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. புரிந்துகொள்ளச் சொற்களும் சூழலும் போதும், இலக்கணத்தைத் தாண்டிப் போய்விடலாம். பேசும்போதுதான் 'இதை எப்படிச் சொல்வது' என்ற முட்டுக்கட்டை வந்து, மனம் அமைப்பின் மேல் கவனம் வைக்கிறது. 'எஸ்' போன்ற பொருள் தராத கூறுகள் வெறும் வாசிப்பால் மட்டும் வந்துவிடாது என்பது நாம் முன்பு பார்த்ததோடும் பொருந்துகிறது. மனம் தானாக நிற்காத இடத்தில் யாராவது விரல்நீட்டிக் காட்ட வேண்டும். இலக்கணப் பாடத்தின் உண்மையான பயன் அந்த விரல்நீட்டல்தான். 2000-ஆம் ஆண்டில் ஜான் நாரிஸும் லூர்தஸ் ஒர்டேகாவும் 49 ஆய்வுகளைத் தொகுத்து அலசியபோது, இலக்கணத்தை வெளிப்படையாகக் கற்பிப்பது நல்ல பலன் தருகிறது என்றே கண்டார்கள். இலக்கண ஆதரவாளர்கள் இதைப் பெருமையாக மேற்கோள் காட்டுவதுண்டு. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பலனை அளந்தது, யோசித்து எழுத நேரம் தரும் தேர்வுகளால். 200 மில்லிசெகண்டில் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அந்த மதிப்பெண் எவ்வளவு உதவும் என்பது வேறு கேள்வி. ஆகவே என் முடிவு இது: நிறையப் படித்த, நிறையக் கேட்ட ஒருவருக்கு ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூல் அருமையான துணை. எதையும் படிக்காதவருக்கு அது வெறும் சட்டப் புத்தகம்.

சொல்வளத்துக்கு வருவோம். இங்கேதான் நம் கல்வி அதிகமாக ஏமாற்றுகிறது. ஒரு பக்கத்தை அகராதி துணையில்லாமல் வசதியாகப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் எத்தனை விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும்? நியூசிலாந்தின் பால் நேஷனும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்ட அளவு 98 விழுக்காடு. 90 விழுக்காடே அதிகம் என்று தோன்றும். 300 சொற்கள் கொண்ட பக்கத்தில் 90 விழுக்காடு தெரியும் என்றால் 30 சொற்கள் தெரியாது. வரிக்கு ஒன்று வீதம் தடுக்கிக்கொண்டே இருக்கும். 98 விழுக்காடு என்றால் ஆறு சொற்கள் மட்டும்; அவற்றைச் சூழலிலிருந்தே ஊகித்துவிடலாம். நாவலோ செய்தித்தாளோ இந்த அளவில் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நேஷன் 2006-இல் கணக்கிட்டார். ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். பாடநூலின் ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னால் இருக்கும் பத்துப் பதினைந்து அருஞ்சொற்களை மனப்பாடம் செய்து அந்த எண்ணிக்கைக்குப் போய்ச் சேர முடியாது. பாடநூலுக்கு வெளியே, நம் அளவுக்கு எளிதாக்கி எழுதப்பட்ட புத்தகங்களை ஏராளமாகப் படித்தால்தான் முடியும். எளிதாக்கிய வாசிப்பு நூல் என்பதை முறையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் மைக்கேல் வெஸ்ட். அந்த வேலையை அவர் தொடங்கியது 1920-களில் டாக்காவில், வங்கக் குழந்தைகளுக்காக. 1953-இல் அவர் வெளியிட்ட சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் இன்றும் இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. நம் துணைக்கண்டத்துக் குழந்தைகளை மனத்தில் வைத்துத் தொடங்கிய வேலையின் பயனை உலகம் அனுபவிக்கிறது. நம் பள்ளிகளில்தான் அந்த வகைப் புத்தகங்களைத் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு சொல்லின் பொருள் தெரிந்தால் அந்தச் சொல் தெரிந்துவிட்டதாகாது. 'ஸ்ட்ராங்' என்றாலும் 'பவர்ஃபுல்' என்றாலும் அகராதியில் வலிமை என்றுதான் இருக்கும். ஆனால் டீக்கடையில் யாரும் 'பவர்ஃபுல்லா ஒரு டீ' கேட்பதில்லை. 'ஸ்ட்ராங்கா ஒரு டீ' என்றுதான் சொல்கிறோம், ஆங்கிலேயர் சொல்வதும் அதுவே. பள்ளிக்கூடமே போகாதவர்கூட இதில் தவறுவதில்லை. எந்த விதியும் இதைச் சொல்லித்தரவில்லை. நூறு தடவை காதில் விழுந்தது, பதிந்தது. ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும், எதோடு சேராது என்ற அறிவு முழுவதும் இப்படித்தான் வருகிறது. ஒரு சொல்லைப் பத்துத் தடவையாவது வெவ்வேறு இடங்களில் சந்தித்தால்தான் அது நமக்குச் சொந்தமாகும்.

சந்திப்பது மட்டும் போதாது, நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கவும் வேண்டும். ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் 2008-இல் வெளியிட்ட சோதனையில், அமெரிக்க மாணவர்கள் 40 சுவாஹிலி சொற்களை ஆங்கிலப் பொருளோடு படித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் விடாமல் மறுபடி மறுபடி கேட்டுச் சோதித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 80 விழுக்காடு நினைவிருந்தது. சரியாகச் சொன்ன சொல்லை அதன்பின் சோதிக்காமல் விட்டவர்களுக்கு, அதைத் திரும்பத் திரும்பப் படித்திருந்தாலும்கூட, 36 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் சொன்னார்கள். எது தனக்குப் பலன் தருகிறது என்பது கற்பவருக்கே தெரிவதில்லை. நோட்டில் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருள் எழுதி, ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்லிப் பார்க்கும் பழைய பழக்கம் உண்மையில் மிக நல்ல பழக்கம். அதை விட்டுவிட்டு, மஞ்சள் பேனாவால் கோடிழுத்துப் பத்துமுறை வாசிப்பதில் பலன் மிகக் குறைவு.

பத்தியைப் படித்து விடையளிக்கும் பயிற்சி கடைசியாக வருகிறது, அதுவே மிகவும் வெறுமையாகிப் போனதும்கூட. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'மடுக்கன் சிலாவைத் தெறித்துப் புலங்கியில் நொத்தினான்.' மடுக்கன் எதைப் புலங்கியில் நொத்தினான்? சிலாவை. எங்கே நொத்தினான்? புலங்கியில். முழு மதிப்பெண். வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எடுத்தெழுதும் உத்தியை நம் மாணவர்கள் கச்சிதமாகக் கற்றிருக்கிறார்கள், கற்பித்ததும் நாம்தான். உண்மையான புரிதலுக்குச் சொல்லும் அமைப்பும் தெரிந்தால்கூடப் போதாது, சொல்லப்படும் விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 1979-இல் அமெரிக்காவில் மார்கரெட் ஸ்டெஃபன்சனும் சகாக்களும் இந்தியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இரண்டு கடிதங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று இந்தியத் திருமணத்தைப் பற்றியது, மற்றது அமெரிக்கத் திருமணத்தைப் பற்றியது. அவரவர் பண்பாட்டுக் கடிதத்தை அவரவர் வேகமாகப் படித்தார்கள், அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள், மற்றதைத் திரித்துப் புரிந்துகொண்டார்கள். மணப்பெண் தன் பாட்டியின் திருமண உடையை அணிந்தாள் என்பது அமெரிக்கர்களுக்குப் பெருமைக்குரிய மரபு. அதைப் படித்த இந்தியர் ஒருவர், பழசான, நாகரிகம் போன உடையை உடுத்தியதாக எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் அவருக்குக் குறை இருக்கவில்லை. 1988-இல் டோனா ரெக்ட்டும் லாரன் லெஸ்லியும் பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பத்தியை 64 பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்தபோது, வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களை விஞ்சினார்கள். கிரிக்கெட் பைத்தியமான நம் பையனுக்கு ஆங்கிலத்தில் முதலில் கொடுக்க வேண்டியது கிரிக்கெட் செய்திதான். விஷயம் தெரிந்திருப்பதால் சொற்கள் தாமாகப் பிடிபடும். அறிவியலையும் வரலாற்றையும் தமிழில் நன்றாகப் படித்தவர் அவற்றை ஆங்கிலத்தில் படிக்கும்போது பாதி தூரம் ஏற்கெனவே வந்துவிட்டவர். தமிழை ஒதுக்கிவைத்தால்தான் ஆங்கிலம் வரும் என்று நினைக்கும் பெற்றோர், பிள்ளையிடமிருந்து பிடுங்குவது அந்தப் பாதி தூரத்தை.

வயதாகிவிட்டது, இனி வராது என்ற கவலையும் பலருக்கு உண்டு. சின்ன வயதில் தொடங்குபவர்கள் கடைசியில் அதிகத் தேர்ச்சி அடைகிறார்கள், குறிப்பாக உச்சரிப்பில்; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தொடக்க வேகத்தில் பெரியவர்கள் பின்தங்குவதில்லை. நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்த, ஆங்கிலம் பேசுபவர்களைக் கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹெஃப்னகல்-ஹூலேவும் ஆராய்ந்து 1978-இல் சொன்ன முடிவு இது: முதல் மாதங்களில் டச்சு மொழியை வேகமாகப் பிடித்தவர்கள் பதின்ம வயதினரும் பெரியவர்களும், சின்னக் குழந்தைகள் அல்ல. நாற்பது வயதில் வேலைக்காக ஆங்கிலம் பேச வேண்டியிருப்பவருக்கு லண்டன் உச்சரிப்பு தேவையில்லை. அவருக்கு வேண்டிய அளவு அவருக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

தேர்வுதான் இவை எல்லாவற்றையும் தடுக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்லும்போது அதில் நியாயம் இருக்கிறது. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றினால் மதிப்பெண் கிடைக்கிறது, கதைப் புத்தகம் படித்தால் கிடைப்பதில்லை. பிரபுவின் முறையும் பெரிய அளவில் பரவவில்லை. ஆர்வத்தோடு முன்வந்தவர்கள் கையில் பலன் தந்தது, வழக்கமான வகுப்பாசிரியர்கள் கைக்குப் போனபோது பலர் திணறினார்கள். அந்த முறைக்கு ஆசிரியரே ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வேண்டும். ஆனால் வாசிப்புக்கு அந்த நிபந்தனையும் இல்லை. மௌன வாசிப்பு நேரத்தில் ஆசிரியரும் தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடலாம், அவருடைய ஆங்கிலமும் வளரும். ஃபிஜி முடிவுகளைப் பார்த்து இலங்கையிலும் பள்ளிகளுக்குக் கதைப் புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். சிங்கப்பூர் 1985-இல் வாசிப்பை மையமாக வைத்து ஒரு திட்டத்தையே தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. இரண்டு இடத்திலும் பிள்ளைகளின் ஆங்கிலம் மேம்பட்டது. இரண்டு இடத்திலும் தேர்வு இல்லாமலில்லை.

ஆகவே இதைப் படிக்கும் ஆசிரியர்களிடமும் தலைமையாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் இரண்டு இலக்கணப் பாடவேளைகளை எடுத்து வாசிப்புக்குக் கொடுங்கள். பக்கத்துக்கு ஐந்தாறுக்கு மேல் தெரியாத சொல் இல்லாத புத்தகமாகப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். படித்ததைப் பற்றி ஆங்கிலத்தில் பக்கத்திலிருப்பவரிடம் ஐந்து நிமிடம் பேசட்டும், பிழையோடு பேசட்டும்; நீங்கள் ஒரேயொரு பிழையைத் தேர்ந்தெடுத்துக் கடைசியில் கரும்பலகையில் காட்டுங்கள். பள்ளி நூலக அலமாரியின் சாவி எங்கே இருக்கிறது என்று நாளைக்கே கேட்டு வாங்கி, அதைத் திறந்து வையுங்கள்.